சட்டம் படிக்கப் போகும் முன் வாசித்தவை

உயர்தரப் பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு வெளியே வரும் நாளுக்கும் பல்கலைக்கழகத்தில் முதல் விரிவுரை தொடங்கும் நாளுக்கும் இடையில், எங்கள் நாட்டில் மிக நீண்ட காலம் கடந்துவிடுகிறது. பெறுபேறு வர வேண்டும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், வெட்டுப்புள்ளி வெளியாக வேண்டும், அதன் பிறகே பதிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையில் இப்போது இறுதியாண்டில் படிக்கும் என்னிடம், சட்டத்துக்குத் தெரிவான தம்பி தங்கைகள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இந்தக் காலத்தில் எந்தச் சட்டத்தைப் படித்து வைக்கலாம்? முதலாண்டுப் பாடக்குறிப்புகளை எங்கிருந்தாவது வாங்கி முன்கூட்டியே மனனம் செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்தக் குறிப்புகளைத் தேட வேண்டாம் என்பதே என் பதில். கையில் இருக்கும் சில எழுத்துகளை மிக மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் வாசிக்கப் பழகினால் போதும். எனக்கு உதவியவை எவை, அவற்றை எப்படி வாசித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மெதுவாக வாசிப்பதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நாங்கள் வளர்ந்த முறை. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த எவருக்கும் தனியார் கல்வி நிலையத்து வாங்குகள் தெரியும். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகள், பத்தாண்டுக் கடந்தகால வினாத்தாள்கள், புள்ளியிடும் திட்டத்தில் உள்ளபடியே எழுதப் பழகிய விடைகள். அந்த உழைப்பை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். எங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தது அதுதான். ஆனால் சட்டத்தில் வரும் வினா வேறு வகையானது. ஒருவர் இன்னொருவருக்குக் காணி விற்கிறார், இடையில் ஒருவர் இறக்கிறார், மூன்றாம் ஆள் வந்து உரிமை கேட்கிறார் என்று ஒரு பக்கக் கதையைத் தந்து, அவரவர் உரிமை என்னவென்று ஆராயச் சொல்வார்கள். அந்தக் கதை எந்தக் குறிப்பிலும் இருக்காது. கதைக்குள் எந்த உண்மை முக்கியம், எது முக்கியமில்லை, எந்த விதி பொருந்தும், அந்த விதியின் எந்தச் சொல் இந்த நிலைமையோடு முட்டுகிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களே எழுதுவார்கள். இது வாசிப்பினால் வரும் பழக்கம்; அதற்குக் காலம் வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் எங்களிடம் காலம் மட்டும் தாராளமாக இருக்கிறது.

நான் முதலில் வாசித்த சட்ட ஆவணம் எங்கள் வீட்டுக் காணி உறுதி. சுன்னாகத்துக்கு அயலில் உள்ள எங்கள் வளவு அம்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் நகைக்கு முன் எடுத்து வைக்கப்பட்ட அந்தத் தாள்களை, இது வெறும் பத்திரம் என்று நினைத்து யாரும் முழுமையாக வாசித்ததில்லை. நான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, உறுதியில் உள்ள ஒவ்வொரு பகுதியும் எதற்காக அங்கே இருக்கிறது என்று எழுதத் தொடங்கினேன். மேலே நொத்தாரிசின் உறுதி இலக்கமும் திகதியும், பிறகு கொடுப்பவர், பெறுபவர், அதன் பிறகு கொடுப்பவருக்கு அந்தக் காணி எந்த உறுதியால் வந்தது என்ற வரலாறு, கடைசியில் அட்டவணை. அட்டவணையில் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், கிணற்றில் உள்ள பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் இருந்தன. ஊரில் பரப்பு என்றும் உறுதியில் லாச்சம் என்றும் வருவதையும், வரகு விதைப்புக் கணக்கில் ஒரு லாச்சம் 10 பேர்ச் ஆகவும் நெல் விதைப்புக் கணக்கில் 15 பேர்ச் ஆகவும் இருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ஒரே சொல் இரண்டு அளவைக் குறிக்கிறது. எந்த அளவு என்பதை அதன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பக்கத்துச் சொல்லை விட்டுவிட்டு வாசிப்பவர் ஒன்றரை மடங்கு பிழையான காணியை மனதில் வைத்திருப்பார்.

உறுதியை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மம்மா சொன்ன ஒரு வசனம் என்னை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. "பிள்ளை, இது உன்ரை அம்மாவுக்கு எழுதின சீதனக் காணி, ஆனா கொப்பர் கையெழுத்து வைக்காமல் அவள் ஒருத்தருக்கும் விக்கேலாது" என்றார். சீதனம் அம்மாவுடையது என்றால் அப்பாவின் கையெழுத்து ஏன் வேண்டும் என்று கேட்டேன். அது அப்படித்தான் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் ஊரில் நொத்தாரிசாகவும் தொழில் செய்யும் சட்டத்தரணி ஐயா ஒருவர்தான், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பார்க்கச் சொன்னார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் தனிச் சொத்தான அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பராதீனம் செய்ய, அதாவது பிறருக்குக் கைமாற்ற, முடியாது என்பது அங்கே இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே 8ஆம் பிரிவில், கணவன் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்ற வழியும் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் 6ஆம் பிரிவு பழக்கத்தால் தெரிந்திருந்தது. 8ஆம் பிரிவு ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஊரில் நிலவும் சட்ட அறிவு பெரும்பாலும் இப்படித்தான் பாதியோடு நிற்கிறது என்பதும், மீதிப் பாதி எழுத்தில் காத்திருக்கிறது என்பதும் எனக்குச் சட்டம் படிக்கப் போவதில் உண்மையான ஆசையை உண்டாக்கின. பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட இந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. அதை நியாயத்தோடு சொல்வதற்கும் அந்தப் பிரிவைச் சரியாக வாசித்திருக்க வேண்டும்.

அங்கிருந்து தேசவழமையின் வரலாற்றுக்குப் போவது எளிதாக இருந்தது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு நிர்வாக அதிகாரி (திசாவை) 1707இல் எங்கள் வழக்கங்களைத் தொகுத்ததும், 12 முதலியார்கள் அதைப் பார்த்து ஏற்றதும், ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் அதற்குச் சட்ட வலுக் கொடுத்ததும் பள்ளிக்கூட வரலாற்றில் ஓரிரு வரிகளாகக் கடந்துபோனவை. முதுசம் (பரம்பரையாக வந்த சொத்து), சீதனம், தேடியதேட்டம் (திருமணத்தின் பின் தேடிய சொத்து) என்ற மூன்றும் எங்கள் வீடுகளில் அன்றாடம் பேசப்படுபவை. கூட்டுக் காணியில் தன் பங்கை விற்க நினைப்பவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்குச் சொல்ல வேண்டும் என்ற பழைய வழக்கம், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இன்றும் நடைமுறையில் உள்ளது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை சட்டம் படிக்கத் தொடங்கும்போது ஒன்றும் தெரியாத நிலையில் தொடங்குவதில்லை. மற்ற இடத்து மாணவர் நூலில் சந்திக்கும் ஒரு தனியாள் சட்டத்தை நாங்கள் குடும்பப் பேச்சில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தப் பேச்சைக் கொப்பியில் எழுதி, அதற்கு எதிரே பிரிவு இலக்கத்தையும் எழுதினால் அதுவே நல்ல பயிற்சி.

போரின் வழியாக எங்கள் வாழ்க்கைக்குள் வந்த ஒரு சட்டத்தையும் அந்தக் காலத்தில் வாசித்தேன். பிறர் காணியில் 10 ஆண்டுகள் எதிரிடையாகவும் இடையறாதும் இருந்தவர் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. இடம்பெயர்ந்து ஊருக்கே போக முடியாதிருந்தவருக்கு எதிராக இந்த 10 ஆண்டு எப்படி ஓடும் என்பது எங்கள் அயலில் பல வீடுகளின் கேள்வி. அதற்கு விடையாக வந்தது 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுவின் செயற்பாடுகள் காரணமாக உரிமையைத் தேடி நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கிலெடுக்காமல் விட அது வழி செய்தது. இதை வாசித்தபோது, அந்தப் பாதுகாப்பு யாருக்கு, எந்தக் காரணத்தால் போக முடியாதிருந்தவருக்கு, எந்தக் காலத்துக்கு என்ற மூன்று கேள்விகளும் சட்டத்தின் சொற்களுக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் கண்டேன். இடம்பெயர்ந்த எல்லோருக்கும் பாதுகாப்பு என்று ஊரில் சொல்லப்பட்டது. எழுத்தில் இருந்தது அதைவிட ஒடுங்கியது. சிறிய சட்டம் ஒன்றை முழுமையாக வாசிப்பது எப்படி என்று பழக விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமானது எங்கள் மண்ணில் இல்லை என்று நினைக்கிறேன். நாடாளுமன்ற இணையத்தளத்தில் சட்டங்கள் மூன்று மொழிகளிலும் கிடைக்கின்றன. தமிழையும் ஆங்கிலத்தையும் அருகருகே திறந்து வைத்து ஒவ்வொரு பிரிவாக ஒப்பிட்டு வாசியுங்கள். முடிவில் உள்ள கடைசிப் பிரிவையும் தவறாது பாருங்கள்: மொழிகளுக்கிடையே முரண்பாடு எழுந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று அது சொல்லும். தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவர் இதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது நீதிமன்றம். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வழக்கு இல்லாதவரும் போய் அமைதியாக இருந்து கேட்கலாம். எங்களுக்கு யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று பக்கத்திலேயே நீதிமன்றங்கள் இருந்தும், ஒரு பெண் பிள்ளை கோட்டுக்குப் போய்வருகிறாள் என்றால் அயலில் என்ன கதைப்பார்கள் என்ற தயக்கம் வீட்டில் இருந்தது. அந்தச் சட்டத்தரணி ஐயாவே அப்பாவிடம் பேசி அழைத்துப் போனார். தெரிந்த சட்டத்தரணி ஒருவரின் வழிகாட்டலோடு போவதையே நானும் பரிந்துரைப்பேன். எங்கே இருப்பது, எப்போது எழுந்து நிற்பது என்பதை அவர்கள் சொல்லித் தருவார்கள். எளிமையான, வெளிர் நிற உடை, அணைத்து வைத்த தொலைபேசி, பின் வாங்கில் ஓர் இடம், இவை போதும். காலையில் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடப்படும்போது வேகம் அதிகம். எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், கூண்டில் ஏறுவதும், பிணை கேட்பதும், தவணை போடுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதலில் எதுவும் விளங்காது. மூன்று விடயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: சட்டத்தரணி எதைக் கேட்டார், எந்தச் சட்டத்தின்படி கேட்டார், நீதவான் என்ன காரணம் சொல்லி அதைக் கொடுத்தார் அல்லது மறுத்தார். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. அதை வாசித்துவிட்டுப் போனால், ஒவ்வொரு மறுப்பும் எந்த விதிவிலக்கின் கீழ் வருகிறது என்று தேடத் தொடங்குவீர்கள். ஒரு கட்டுப்பாட்டை நான் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன்: கூண்டில் நின்றவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதுவதில்லை, வீட்டில் வந்து சொல்வதுமில்லை. ஊர் சிறியது; அங்கே நிற்பவர் எவருடையதோ பிள்ளை.

நீதிமன்றத்தில் எனக்கு விளங்கிய இன்னொன்று மொழி பற்றியது. வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தின் பின் அரசியலமைப்பு அப்படிச் சொல்கிறது. சாட்சியும் விசாரணையும் தமிழில் நடக்கின்றன. ஆனால் பல்கலைக்கழகத்தில் எங்கள் விரிவுரைகளும் பரீட்சைகளும் ஆங்கிலத்தில். மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் உயர் நீதிமன்றத்தினதும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனாலும் தீர்ப்புகளை வாசிக்க ஆங்கிலம் வேண்டும் என்ற நிலை அதனால் மாறிவிடவில்லை. ஆங்கில இலக்கணத்தை மட்டும் கற்பிக்கும் வகுப்புகள் இதற்குப் பயன்படுவது குறைவு. நான் செய்தது இதுதான்: ஒரு தீர்ப்பில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, சத்தமாக வாசித்து, நீண்ட வசனங்களை எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று உடைத்து, அந்தப் பக்கம் சொல்வதை ஐந்தாறு வரி ஆங்கிலத்தில் நானே எழுதினேன். பிறகு அதையே அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு விளங்காவிட்டால் எனக்கே விளங்கவில்லை என்று வைத்துக்கொண்டு திரும்பவும் வாசித்தேன். இரண்டு மொழிக்குமிடையே இப்படிப் போய்வரும் பழக்கம் முதலாண்டில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி. இதே பழக்கம் தொழிலுக்குப் போன பிறகும் தேவை. ஆங்கிலத்தில் படித்த சட்டத்தைத் தமிழ் நீதிமன்றத்தில், தமிழ் பேசும் கட்சிக்காரருக்காகச் சொல்லப் போகிறவர்கள் நாங்கள்.

எந்தத் தீர்ப்பிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கோடீஸ்வரன் வழக்கு. அரசாங்க எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டபோது வழக்குத் தொடர்ந்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் இலண்டனில், அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீடுகளைக் கேட்ட கோமறைக் கழகம் (Privy Council) உயர் நீதிமன்றத்தின் முடிவைத் தள்ளியது. எங்கள் வீடுகளில் இது மொழிச் சட்டத்தை வென்ற வழக்கு என்றே பேசப்படும். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். தீர்ப்பை வாசித்தால் நிலைமை வேறு. அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்குத் தொடர முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று கோமறைக் கழகம் விடை சொன்னது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. உயர் நீதிமன்றமே ஆராயட்டும் என்று திருப்பி அனுப்பியது. அதன் பின் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டு, 1972இல் புதிய அரசியலமைப்பும் வந்து, அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமலே போனது. ஒரு தீர்ப்பில் எது தீர்மானிக்கப்பட்டது, எது தீர்மானிக்கப்படாமல் விடப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதுதான் சட்ட மாணவரின் முதல் திறமை. அதைக் கற்றுத் தர எங்கள் சமூகம் நெஞ்சில் வைத்திருக்கும் வழக்கு ஒன்றே இருக்கிறது. உணர்வோடு நினைவில் வைத்திருக்கும் ஒன்றைத் திறந்த கண்ணோடு வாசிப்பதற்கு மன வலிமை வேண்டும். இந்தத் துறையில் அந்த வலிமை நாளும் தேவைப்படுகிறது.

இரண்டாவதாகச் சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கை வாசிக்கலாம். மின் நிலையத்திலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கலந்த விடயத்தில், 2015இல் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மீறல் மனு மீது 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைப் பயன்படுத்தி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. நீண்ட தீர்ப்பு அது. ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. வாளியில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்த ஊரவளாக அதை வாசித்தபோது, எங்கள் கோபத்தில் எந்தப் பகுதி சான்றாக மாறியது, எது மாறவில்லை என்பது எனக்குப் பக்கம் பக்கமாகத் தெரிந்தது. நிபுணர் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது நீதிமன்றம் எதை ஏன் நம்புகிறது என்று விளக்கும் பகுதிகளைக் கட்டாயம் வாசியுங்கள். வழக்கு வாசிக்கும்போது நான் ஒரு தாளில் உண்மைகள், கேள்வி, தீர்ப்பு, காரணம் என்று நான்கு இடம் விட்டு எழுதுவேன். காரணத்துக்கு விட்ட இடம் மற்ற மூன்றையும் சேர்த்ததைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

வாசிக்க வேண்டாதவை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் சிரமப்படுகிறார்கள். தமிழில் சட்டம் தேடினால் யூடியூப்பில் வருவதெல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டு விளக்கங்கள். அவர்கள் நன்றாகவே விளக்குகிறார்கள். ஆனால் அது எங்கள் சட்டமன்று. எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. இந்தியத் தண்டனைச் சட்டத்தோடு உறவுடையது என்றாலும் இலக்கங்கள் வேறு. அங்கே கொலைக்குத் தண்டனை சொன்ன 302ஆம் பிரிவுக்கு ஈடாக இங்கே இருப்பது 296ஆம் பிரிவு. அந்த இந்தியச் சட்டமும் 2024 யூலை 1 முதல் புதிய சட்டத்தால் மாற்றப்பட்டுவிட்டது. ஒப்பந்தச் சட்டத்தில் வேறுபாடு இன்னும் ஆழமானது. கைம்மாறு இல்லாத வாக்குறுதி செல்லாது என்பது ஆங்கில, இந்தியச் சட்டங்களின் பொது விதி. எங்கள் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும் என்பதைக் கோமறைக் கழகம் 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 1932இல் தீர்க்கப்பட்ட இஞ்சிப் பானப் போத்தலுக்குள் நத்தை இருந்த வழக்கை எல்லோரும் எங்கள் கவனயீனச் சட்டத்தின் அடிப்படை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் நீதிமன்றங்கள் அதை மதித்துப் பார்த்தாலும், பிறருக்குச் செய்த தீங்குக்கு ஈடு கோரும் எங்கள் தீங்கியல் சட்டத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பிழையான அத்திவாரத்தின் மேல் கட்டியதை முதலாண்டில் இடித்துக் கட்டுவது, ஒன்றும் படிக்காமல் வருவதைவிடக் கடினம்.

நிர்வாக விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்ட இளமாணிக்குக் கலைப்பிரிவினர் மட்டும் வருவதில்லை. என் அணியில் வணிகப் பிரிவிலும் உயிரியல் பிரிவிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள், யாருக்கும் அது குறையாக இருந்ததில்லை. கொழும்பில் சட்ட பீடமும், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் சட்டத்துறைகளும் உள்ளன. திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்ட இளமாணி படிக்கலாம். பட்டம் பெற்றவுடன் சட்டத்தரணி ஆகிவிடுவதில்லை என்பதை வீட்டாருக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள். பட்டத்தின் பின் இலங்கை சட்டக் கல்லூரியின் பரீட்சைகள், மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் பயிலுநர் காலம், பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் என்று வழி நீள்கிறது. அதற்குக் கொழும்பில் தங்குவதற்கான செலவும் சேரும். அப்புக்காத்து (advocate), பிறக்கிராசி (proctor) என்று அம்மம்மா பிரித்துச் சொல்லும் இரண்டு தொழில்களும் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டத்தால் ஒன்றாகிவிட்டன. குடும்ப வருமானம் குறைந்தவர்கள் மகாபொல புலமைப்பரிசிலுக்கான ஆவணங்களைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நேரத்தோடு எடுத்து வையுங்கள். கடைசி வாரத்தில் அலைந்தவர்களின் சிரமத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பகிடிவதை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டம் படிக்கப் போகும் ஒருவர் முதல் நாளுக்கு முன் முழுமையாக வாசித்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டென்றால், அது கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வன்முறையையும் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். சிறிய சட்டம், ஒரு மாலையில் வாசித்துவிடலாம். என்னென்ன செயல்கள் குற்றம், யாருக்கு எதிராகச் செய்தால் குற்றம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. பழக்கம் என்ற பெயரில் நடப்பதைச் சகித்துக்கொள்வது வளர்ச்சி என்று சொல்லும் மூத்த மாணவர்கள் எங்கும் இருப்பார்கள். அவர்கள் செய்வது எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று தெரிந்த புதிய மாணவர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். சட்டம் படிப்பவர்களே அந்தச் சட்டத்தை மீறுவதை நான் மிகவும் வெறுக்கிறேன். நீங்கள் மூத்தவர்களாகும்போதும் இதே தாளை எடுத்து மீண்டும் வாசியுங்கள்.

கடைசியாக, தெரிவானவுடன் நிச்சயம் நடக்கும் ஒன்று. பதிவு செய்வதற்கு முன்னரே அயலவர்கள் உங்களிடம் ஆலோசனை கேட்டு வருவார்கள். வேலித் தகராறு, ஒற்றிக் காணி, காணாமல் போன மகனின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, கணவனைப் பிரிந்த மகளின் பராமரிப்பு என்று எங்கள் ஊர்களில் கேள்விகளுக்குக் குறைவில்லை. "நீ சட்டம் படிக்கப் போறாய்தானே, ஒருக்கால் சொல்லன் பிள்ளை" என்று கேட்கும்போது, தெரிந்ததைச் சொல்லி உதவ வேண்டும் என்று மனம் துடிக்கும். சொல்லாதீர்கள். ஒரு தவணையைத் தவறவிட்டாலோ ஒரு கையெழுத்தை வைத்துவிட்டாலோ அவர்களுக்கு ஏற்படும் இழப்பை எங்களால் ஈடுசெய்ய முடியாது. கேட்பதற்கு மட்டும் நேரம் கொடுங்கள். அவர்களிடம் உள்ள தாள்களைத் திகதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். நடந்ததை ஒரு பக்கத்தில் அவர்கள் சொன்னபடியே எழுதிக் கொடுங்கள். சிறிய பிணக்கு என்றால் மத்தியஸ்த சபைக்கும், வழக்குப் பேசப் பணமில்லாதவர் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் போகச் சொல்லுங்கள். அந்த அலுவலகம் திறக்கும் நேரத்தையும், போகும்போது எந்தெந்த ஆவணங்களின் பிரதிகள் வேண்டும் என்பதையும் இந்த விடுமுறையிலேயே நேரில் போய்க் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.